பழைய கார்களும் தொலைந்த பத்திரங்களும்: பதில் சொல்லப்போவது யார்?

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குறொஸ் காரோட்டப் போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டு விலகி, சனங்கள் நின்ற பக்கமாகப் பாய்ந்தது. ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எட்டு வயதுக் குழந்தை ஒன்றும் அடக்கம். போட்டியில் கடமையில் நின்ற பணியாளர்களும் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த போட்டி அது. நடத்தியவர்கள் இராணுவக் கல்வியற்கழகமும் நாட்டின் மோட்டார் விளையாட்டு அமைப்பும்.

அன்றைய விபத்து பழங்காலக் கார் விபத்து அல்ல. ஆனால் அது எழுப்பிய கேள்விகள் எல்லா மோட்டார் விளையாட்டுக்கும் பொருந்தும். ஓடிய வாகனத்தை யார் பரிசோதித்தார்கள்? தடத்துக்கும் சனத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் போதும் என்று யார் தீர்மானித்தார்கள்? அந்தத் தீர்மானத்தின் கீழ் யாருடைய கையொப்பம் இருக்கிறது? ஒரு போட்டிக்குப் பின்னால் இருக்கும் காகிதக் கட்டு என்பது இந்தக் கேள்விகளுக்கான பதில்களின் தொகுப்புத்தான்.

பழைய கார்கள் என்று வரும்போது இந்தக் கேள்விகள் இரண்டு மடங்காகின்றன. வடக்கின் பழைய கார்கள் என்று வரும்போது அவை மூன்று மடங்காகின்றன. ஏனென்றால் இங்கே பல இடங்களில் கார் தப்பிவிட்டது, பத்திரம் தப்பவில்லை.

இதை இப்போது பேசவேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் தளர்ந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஓடக்கூடிய எந்த வாகனமும் சொத்தாக மாறியது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தகரம் மூடிக் கிடந்த ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் வெளியே வந்தன. கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார் கேட்கிறார்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகள் அப்பாவின் காரைத் திருத்தக் காசு அனுப்புகிறார்கள். பழைய கார்கள் கூடினால் அடுத்ததாக அணிவகுப்பு வரும். அணிவகுப்பு வந்தால் அதற்குப் பின்னால் போட்டியும் வரும். உலகம் முழுவதும் அது அப்படித்தான் நடந்திருக்கிறது. அது எங்களிடம் வருவதற்கு முன்னரே விதிகளைப் பற்றிப் பேசுவது நல்லது.

குருநகரை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகரத்தின் தெற்கு விளிம்பில், கடலோடு ஒட்டியிருக்கும் ஊர். வீடுகள் நெருக்கமானவை. ஒழுங்கைகள் ஒடுங்கியவை. வலை காய்வதும் பிள்ளைகள் விளையாடுவதும் அதே வீதியோரத்தில்தான். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊர். பழைய காரொன்றின் பத்திரச் சிக்கலும் பாதுகாப்புச் சிக்கலும் ஒருசேர விளங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மண்ணெண்ணெய்க் காலம் விட்டுச்சென்றது

யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் எஞ்சியதற்குக் காரணம் வெறும் இரசனை அல்ல. 1990இல் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கிய பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. புதிய வாகனம் இல்லை. உதிரிப்பாகம் இல்லை. ஆனால் ஒஸ்ரின் ஏ40 சோமர்செற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த நாட்களில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோனதும் பல வேளைகளில் இந்தக் கார்கள்தான்.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 1950களின் அந்த இயந்திரங்களில் அழுத்த விகிதம் குறைவு. ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. குறைந்த தரமான எரிபொருளையும் அவை தாங்கின. பிந்திய காலத்து இயந்திரங்களில் அதே மண்ணெண்ணெயை விட்டால் தட்டும், உடையும். ஆனால் தாங்கியது என்பதற்காகப் பாதிப்பு இல்லையென்று ஆகாது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியாக இறங்கி இயந்திர எண்ணெயோடு கலந்தது. தேய்ந்த பாகங்களுக்குப் பதிலாக வேறு வாகனங்களின் பாகங்கள் கடைந்து பொருத்தப்பட்டன. பிற்காலத்தில் சில கார்களில் இயந்திரமே மாற்றப்பட்டு ஜப்பானிய டீசல் இயந்திரம் ஏறியது.

அந்த மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தை நாங்கள் பெருமையோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் காரைப் பதிவுப் புத்தகத்திலிருந்து ஓர் அடி தூரம் நகர்த்தியது. புத்தகத்தில் ஓர் இயந்திர இலக்கம். காரில் இன்னொன்று. அன்று அதை யாரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் எந்த அலுவலகமும் இருக்கவில்லை.

இலக்கத் தகட்டின் அரசியல்

எங்களுடைய கார்களின் பத்திரங்கள் எப்போதுமே வெறும் பத்திரங்களாக இருந்ததில்லை. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதற்கு எதிராகப் போராடியது. வடக்கில் பலர் தமிழ் ஸ்ரீயை எழுதிக்கொண்டு ஓடினார்கள். 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ தாங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள் வடக்குக்கு வந்தபோது எழுத்துகள் தாரால் அழிக்கப்பட்டன. தெற்கில் தமிழ் எழுத்துகள் அழிக்கப்பட்டன. ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் வன்முறை வெடித்தது.

ஒரு பழைய காரின் இலக்கம் அதன் வயதைச் சொல்லும். ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் என்றால் அது ஸ்ரீக்கு முந்திய கார். எனவே எந்தக் காலத்துக் கார் என்று நிறுவுவதற்கு அந்தத் தகடே முதற் சாட்சி. உலகத்தில் வேறெங்கும் ஒரு பழைய காரின் தகட்டைப் பார்க்கும்போது மாதிரியும் ஆண்டும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அத்தோடு ஒரு கலவரமும் நினைவுக்கு வரும்.

பிறகு வந்தது 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நடக்கத் தொடங்கியது. கையில் எடுத்துக்கொண்டு போனவை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நகை. வாகனப் புத்தகம் பலருடைய பட்டியலில் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது சில வீடுகளில் கார் நின்றது, அலுமாரி இல்லை. வன்னிக்குப் போனவர்களின் வாகனங்கள் 2009இல் முள்ளிவாய்க்காலில் குவியலாகக் கிடந்ததை உலகமே படங்களில் பார்த்தது.

இதைவிடப் பாரதூரமான ஒரு சிக்கலும் இருக்கிறது. இலங்கையில் வாகனங்கள் நீண்டகாலமாக ஓப்பின் பேப்பர் முறையில் கைமாறி வந்திருக்கின்றன. அதாவது பதிவாளரிடம் பெயரை மாற்றாமல், கையொப்பமிட்ட படிவத்தோடு மட்டும் காரைக் கொடுப்பது. இப்படிக் கைமாறிய காரில் பதிவுபெற்ற உரிமையாளர் யார்? ஒருவேளை அவர் கனடாவில் இருக்கலாம். ஒருவேளை செத்திருக்கலாம். ஒருவேளை காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் குடும்பங்களுக்குக் கத்திமுனை. காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் இருக்கும் காரை மனைவியோ பிள்ளையோ தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் ஒரு பத்திரம் வேண்டும். நீண்டகாலமாக அந்தப் பத்திரம் மரணச் சான்றிதழாகவே இருந்தது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய வழிவிட்டது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான், ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் இன்னொரு சான்றிதழை உருவாக்கியது. அதன் நோக்கம், மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே ஒரு குடும்பம் சொத்து விடயங்களைக் கவனிக்க வழிசெய்வது. மகன் வருவான் என்று காத்திருக்கும் ஒரு தாயிடம், காருக்காக அவன் செத்துவிட்டான் என்று கையொப்பம் வைக்கச் சொல்வது என்ன நியாயம்? எனவே பலர் வைக்கவில்லை. கார் நிற்கிறது. புத்தகம் அவன் பெயரில் இருக்கிறது.

2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. பதிவதற்கு வாகன இலக்கமும் செசி இலக்கமும் வேண்டும்; அவை அரச பதிவேட்டோடு பொருந்தவும் வேண்டும். பொருந்தாத காருக்கு ஒரு லீற்றரும் இல்லை. தடைக்காலத்தில் பத்திரம் இல்லாமல் ஓடிய கார், தடையில்லாத காலத்தில் பத்திரம் இல்லாததால் நின்றது.

விளையாட்டு எதைக் கேட்கிறது

இப்போது மோட்டார் விளையாட்டுப் பக்கம் வருவோம். உலக அளவில் இதற்கு விதி வகுப்பது எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச வாகன சம்மேளனம். பழங்காலக் கார்களுக்கென்று அதன் சட்டக்கோவையில் தனியான பின்னிணைப்பு உண்டு. பின்னிணைப்பு கே என்று அழைப்பார்கள். அது கார்களைக் காலவாரியாகப் பிரிக்கிறது. 1947 முதல் 1961 வரையானவை ஒரு பிரிவு. எங்களுடைய சோமர்செற்றும் கேம்பிறிட்ஜும் பெரும்பாலான மைனர்களும் அந்தப் பிரிவுக்குள்தான் வரும்.

சர்வதேசப் பழங்காலப் போட்டியில் ஓடும் காருக்கு வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு ஒன்று வேண்டும். அந்த நாட்டின் தேசிய மோட்டார் விளையாட்டு அமைப்பு அதை வழங்கும். அதில் காரின் படங்கள், செசி, இயந்திரம், காபுரேற்றர், பிறேக், சில்லு என்று ஒவ்வொன்றும் பதிவாகும். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கார் தன்னுடைய காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா? பின்னர் வந்த மேம்பாடுகளுக்கு இடமில்லை. விதி கேட்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் மட்டும் விலக்கு.

ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடவுச்சீட்டு காரின் பிறப்புச் சான்றிதழ் அல்ல. கார் உண்மையில் 1953இல் செய்யப்பட்டதா, யார் யாரிடம் இருந்தது என்பதை அது உறுதிப்படுத்துவதில்லை. அது சொல்வது வடிவத்தை மட்டும். வரலாற்றை நிறுவ வேறு சான்றிதழ் உண்டு. அதாவது உரிமையும், வரலாறும், தொழில்நுட்ப வடிவமும், பாதுகாப்பும் நான்கு வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கான பத்திரம் மற்றொன்றுக்குப் பதிலாகாது.

அயலில் என்ன நடக்கிறது? இந்தியாவில் 2021 யூலையில் பழங்கால வாகனங்களுக்கான தனி விதிகள் வந்தன. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாகனமாக இருக்க வேண்டும். செசியிலோ உடலிலோ இயந்திரத்திலோ பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதிய பதிவுக்கு 20,000 இந்திய ரூபா, மறுபதிவுக்கு 5,000 ரூபா. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். காட்சிக்கும் ஆய்வுக்கும் பழங்கால வாகனப் பேரணிக்கும், எரிபொருள் நிரப்பவும் திருத்தவும் வீதியில் ஓட்டலாம். அன்றாடப் பாவனைக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது.

பிரித்தானியாவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு வேறொன்று தெரியும். அங்கே 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது ஆண்டு கடந்த காருக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை; கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆனால் அந்த விலக்கு வீதிக்கு மட்டும்தான். அதே கார் பந்தயத் தடத்துக்குப் போனால் பரிசோதகர் படுத்திருந்து அடிப்பக்கம் பார்ப்பார்.

இரண்டு நாட்டு விதியிலும் ஒரே நிபந்தனை திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்: பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அமைதியான நாட்டில் அது நியாயமான நிபந்தனை. தடைக்குள் வாழ்ந்த ஊரில் மாற்றாத கார் ஓடாத கார். இங்கே மாற்றம்தான் வரலாறு. எனவே எங்களுக்கென்று ஒரு விதி வருமானால் அது மாற்றத்தைத் தண்டிக்காமல், மாற்றத்தை உண்மையாகப் பதியச் சொல்ல வேண்டும். எந்த ஆண்டளவில் எந்தப் பாகம் மாறியது, எங்கிருந்து வந்தது, யார் பொருத்தினார் என்று எழுதப்பட்ட காருக்குச் சர்வதேசக் கடவுச்சீட்டு கிடைக்காமல் போகலாம். ஆனால் உள்ளூர் பேரணிக்கு அது போதுமான அடையாளம்.

வரலாற்றுக்குச் சலுகை தரலாம், பிறேக்குக்குத் தர முடியாது

ஆனால் இந்த இடத்தில் ஒரு கோட்டைத் தெளிவாகக் கீற வேண்டும். பத்திரத்துக்குக் காட்டும் இரக்கத்தைப் பாதுகாப்புக்குக் காட்டக்கூடாது. யுத்தம் பதிவுப் புத்தகத்தைத் தின்றது என்பது ஒரு நியாயம். யுத்தம் பிறேக்கைத் தின்றது என்பது நியாயமே அல்ல.

மொறிஸ் மைனருக்குத் தனிச் செசி இல்லை. உடலும் சட்டமும் ஒன்றே. கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிப் பகுதி உக்கினால் அது அழகுப் பிரச்சினை அல்ல. காரின் முதுகெலும்பு உக்குகிறது என்று பொருள். சோமர்செற்றுக்குத் தனிச் செசி உண்டு. அதற்குப் பிறகு வந்த கேம்பிறிட்ஜுக்கு இல்லை. குருநகர் போன்ற கரையோர ஊரில் உப்பு இந்தப் பெட்டிகளுக்குள் இருந்துகொண்டு உள்ளிருந்து வெளியே தின்னும். மேலே பூச்சு மினுங்கும். கீழே சுத்தியலால் தட்டினால்தான் தெரியும்.

அந்தக் காலத்துப் பிறேக் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிறேக் போய்விடும். நவீன காரில் இரண்டு சுற்று இருப்பதால் பாதியாவது மிஞ்சும். ரயர் பூ தேயாமல் இருக்கலாம்; ஆனால் வயது போன றப்பர் பக்கச்சுவரில் வெடிக்கும். கல்யாண ஊர்வலத்தில் 20 கிலோமீற்றர் வேகத்தில் இவை ஒன்றும் வெளியே வராது. வேகம் கூடும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பழங்காலக் கார்ப் போட்டிகளில் பொதுவாகக் கேட்கப்படுபவை சாதாரண விடயங்கள்தான். மின்கலத்தை ஒரே இழுப்பில் துண்டிக்கும் ஆழி. அதை வெளியே நிற்பவரும் எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தீயணைப்புக் கருவி. காபுரேற்றர் கம்பி அறுந்தால் வேகத்தைத் தானாக மூடும் சுருள். சிந்தும் எண்ணெயைப் பிடிக்கும் தாங்கி. பாதுகாப்பான எரிபொருள் குழாய். ஓட்டுநருக்குத் தலைக்கவசமும் தீ தாங்கும் உடையும். காரின் காலத்தையும் வகையையும் பொறுத்து, கவிழ்ந்தால் தாங்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டியும்.

கடைசி இரண்டும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இருக்கிறது. கூரையில்லாத காரில் தாங்கும் சட்டம் இல்லாமல் பட்டியை மட்டும் பூட்டினால், கார் கவிழும்போது ஓட்டுநர் அதன் கீழேயே கட்டுண்டு கிடப்பார். பாதுகாப்புச் சாதனம் ஒன்றைத் தனியாக எடுத்துப் பொருத்துவதே ஆபத்தாகலாம். பழைய காருக்கென்று தனி விதி தேவைப்படுவது இதனால்தான்.

விதிகள் இருந்தாலும் உயிர் போகும் என்பதும் உண்மை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது நிரந்தரத் தடம். அனுமதிபெற்ற அமைப்புகள் நடத்தும் போட்டி. அங்கேயே 2023 ஜனவரியில் கே. ஈ. குமார் என்ற 59 வயது மூத்த ஓட்டுநர் கார்ப் போட்டியில் இறந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் 13 வயதுச் சிறுவன் மோட்டார் சைக்கிள் போட்டியில் இறந்தான். ஒழுங்கான தடத்திலேயே இப்படியென்றால் ஒழுங்கில்லாத வீதியில் என்ன ஆகும்?

நின்று பார்த்தவர்கள்

பழங்காலக் கார்ப் போட்டியின் விதிகள் ஓட்டுநரின் இரத்தத்தால் மட்டும் எழுதப்பட்டவை அல்ல. நின்று பார்த்தவர்களின் இரத்தமும் அதில் இருக்கிறது.

1955 யூன் 11ஆம் திகதி பிரான்ஸின் லு மான் போட்டியில் ஒரு கார் சிதறிச் சனத்துக்குள் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுவிற்சர்லாந்து தன் மண்ணில் தடப் போட்டியையே தடைசெய்தது. அந்தத் தடை முழுமையாக நீங்கப் பல பத்தாண்டுகள் சென்றன.

இத்தாலியின் மில்லே மில்யா 1927 முதல் பொதுவீதியில் நடந்த ஆயிரம் மைல் போட்டி. 1957 மே 12ஆம் திகதி ஒரு ஃபெராரியின் ரயர் வெடித்துக் கார் வீதியோரச் சனத்துக்குள் போனது. ஓட்டுநரும் உடன் இருந்தவரும், வீதியோரத்தில் நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். ஒன்பது பேரில் ஐந்து பேர் குழந்தைகள். மில்லே மில்யா அத்தோடு முடிந்தது. காரைச் செய்த என்சோ ஃபெராரி மீது வழக்கு நடந்தது. 1961இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் குற்றவாளியா இல்லையா என்பதல்ல இங்கே விடயம். உலகப் புகழ்பெற்ற ஒருவரை நீதிமன்றம் கூப்பிட்டுக் கேட்டது. ரயரைப் பற்றி நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். முடிவு பகிரங்கமாக வந்தது.

1977இல் மில்லே மில்யா மீண்டும் வந்தது. ஆனால் வேறு வடிவத்தில். இப்போது அதில் ஓடுபவை அந்தப் பழைய போட்டிக் காலத்துக் கார்கள். வெல்பவர் வேகமாக ஓடியவர் அல்ல. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் சரியாகக் கடந்தவர். முந்தி வந்தாலும் புள்ளி குறையும், பிந்தினாலும் குறையும். சாவுக்குப் பிறகு ஒரு விளையாட்டு தன்னைத் திருத்திக்கொண்ட விதம் இது. வடக்கில் பழைய கார்களை நேசிப்பவர்கள் பின்பற்றக்கூடிய மாதிரியும் இதுதான்.

விசாரணை என்ற சொல்

தியத்தலாவை விபத்துக்குப் பிறகு இராணுவம் தன்னுடைய விசாரணைக் குழுவை நியமித்தது. பொலிஸாரும் விசாரித்தார்கள், ஓட்டுநர்கள் இருவர் கைதுசெய்யப்பட்டார்கள். நாட்டின் பெரிய தடங்களில் பல இராணுவப் பிரதேசங்களுக்குள்தான் இருக்கின்றன. சாலியபுர கஜபா போட்டி, மின்னேரியா பீரங்கிப் படைப் போட்டி என்று பட்டியல் நீளும். எனவே பல இடங்களில் காணியும் இராணுவத்தினுடையது, ஏற்பாடும் இராணுவத்தினுடையது. அசம்பாவிதம் நடந்தால் முதல் விசாரணையும் இராணுவத்தினுடையது. ஏற்பாட்டாளரே தன்னை விசாரிக்கும் முறையில் ஓட்டுநர் கைதாவது எளிது. தடத்துக்குப் பக்கத்தில் சனத்தை நிற்கவிட்டது யார் என்ற கேள்வி மேலே போவது கடினம்.

குருநகர் மக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1986 யூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் இந்த ஊர் மீனவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13ஆம் திகதி புனித யாகப்பர் ஆலயத்தின் மீது குண்டு விழுந்தது. அவற்றுக்கும் ஒரு காரோட்ட விபத்துக்கும் இடையில் எந்த ஒப்பீடும் இல்லை. அது படுகொலை, இது விபத்து. ஆனால் விசாரணை என்ற சொல்லை இந்த ஊர் எந்தக் காதால் கேட்கும் என்பதை விளங்கிக்கொள்ள அந்தத் திகதிகள் உதவும். கையொப்பமில்லாத அதிகாரத்தின் கீழ் செத்தவர்களுக்காக யாரும் பதில் சொல்வதில்லை என்பது இங்கே அனுபவம்.

அதனால்தான் பத்திரத்தை வெறும் அலுவலகத் தொல்லை என்று நாங்கள் ஒதுக்கிவிடக்கூடாது. ஒரு போட்டிக்கான பரிசோதனைப் படிவத்தில் ஒருவர் கையொப்பமிடும்போது, நாளைக்கு ஏதும் நடந்தால் நான் பதில் சொல்வேன் என்கிறார். பத்திரம் பலவீனமானவரின் ஆயுதம். பதிவில்லாத இடத்தில் எப்போதும் வெல்பவர் பலமானவர்தான்.

இனி என்ன செய்யலாம்

முதலாவது, எந்த நிகழ்வு என்பதைப் பெயரிட வேண்டும். ஊர்வலம், நேரந்தவறாப் பேரணி, வேகப்போட்டி மூன்றும் வெவ்வேறு. குருநகர்க் கடற்கரை வீதியில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கலாம். பண்ணையிலிருந்து தீவுப்பக்கம் போகும் பாதையில் வீதிச் சட்டத்துக்குட்பட்ட பேரணி நடக்கலாம். வேகப்போட்டி இந்த ஊரின் எந்த வீதியிலும் நடக்கக்கூடாது. ஓடுதூர இடைவெளிக்கு இடமில்லாத ஊர் இது.

இரண்டாவது, காப்புறுதி. சாதாரண வாகனக் காப்புறுதிப் பத்திரங்களில் பெரும்பாலானவை போட்டியிலும் வேகச் சோதனையிலும் நடந்தவற்றுக்குப் பொறுப்பேற்பதில்லை. வருமான அனுமதிப்பத்திரம் இருக்கிறது, காப்புறுதி இருக்கிறது என்று ஓட்டுநர் நம்பி ஓடுவார். விபத்து நடந்த பிறகுதான் சிறிய எழுத்தை வாசிப்பார். நிகழ்வுக்கென்று தனியான காப்புறுதியும் அதில் பார்வையாளருக்கான பங்கும் இல்லாமல் எந்தப் பேரணியும் தொடங்கக்கூடாது. போட்டியாளர் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையொப்பமிடுகிறார். வேலியோரத்தில் நிற்கும் பிள்ளை எதிலும் கையொப்பமிடுவதில்லை.

மூன்றாவது, காரை வைத்திருப்பவர்கள் இப்போதே ஒரு கொப்பியைத் தொடங்கலாம். செசி இலக்கம், இயந்திர இலக்கம், இலக்கத் தகடு ஆகியவற்றின் படங்கள். குடும்பப் படங்களில் கார் நிற்கும் படம் இருந்தால் அதன் பிரதி. பழைய வரிப்பத்திரம் எதுவும் எஞ்சியிருந்தால் அது. கார் எப்படிக் கைமாறியது என்று தெரிந்த முதியவர்களின் சத்தியக் கடதாசி. காரைத் திருத்திய மெக்கானிக் உயிரோடு இருந்தால் அவர் சொல்வது. அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அவர்களோடு காரின் வரலாறும் போய்விடும்.

நான்காவது, அரசு செய்ய வேண்டியது. போரால் பத்திரம் இழந்த வாகனங்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நாரஹேன்பிட்டியில் இருந்துகொண்டு தீர்வு சொன்னால் போதாது. பிரதேச செயலகங்களுக்கு நடமாடும் சேவையாக வந்து, பதிவேட்டையும் காரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மாற்றப்பட்ட இயந்திரங்களைத் தண்டமில்லாமல் பதிய ஒரு கால அவகாசம் தர வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் இருக்கும் வாகனத்துக்கு, மரணச் சான்றிதழ் கேட்காமல் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான சான்றிதழை ஏற்று, குடும்பத்துக்குப் பாவனை உரிமையாவது வழங்க வேண்டும்.

ஐந்தாவது, பாதுகாப்புப் பரிசோதனையை ஏற்பாட்டாளரிடமிருந்து பிரிக்க வேண்டும். காரைப் பார்ப்பவரும் தடத்தைப் பார்ப்பவரும் போட்டியை நடத்துபவரின் ஆளாக இருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பொறியியல் படித்தவர்களும் நாற்பது ஆண்டு கராச் அனுபவம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்ட ஒரு சுயாதீனக் குழுவை உருவாக்குவது பெரிய செலவு அல்ல.

தடைக்காலத்தில் அந்தக் கார்களை ஓட்டியவர்கள் வேகத்துக்காக ஓட்டவில்லை. உள்ளே இருந்தவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க ஓட்டினார்கள். அவற்றை இனி வெளியே எடுப்பவர்கள் எந்த விதியை எழுதினாலும், எந்தப் படிவத்தில் கையொப்பமிட்டாலும், அந்த நோக்கத்துக்குக் குறைந்த எதையும் ஏற்கக்கூடாது.